சந்தையில் கூவிய பெயர்

மஸ்ஊதாவின் முகம் போதிய கறுப்பாக இல்லை என்று மேக்கப் போடும் பெண்ணுக்கு ஒரே கவலை. பிறந்ததிலிருந்து அந்தக் கறுப்புக்காகவே பேச்சு வாங்கி வளர்ந்தவள் மஸ்ஊதா. பள்ளிக்கூடத்தில் வாங்கினாள், பெண் பார்க்க வந்தவர்களிடம் வாங்கினாள், இன்றைக்கும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும்போது வாங்குகிறாள். பாலைவன ஓரத்து ஊரான வர்ஸஸாத்தின் படப்பிடிப்புக் கூடாரத்தில் மட்டும்தான் அது பற்றாமல் போகிறது. மேக்கப் பெண் பஞ்சை மையில் தோய்த்து அவள் நெற்றியிலும் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் ஒற்றினாள். அடுத்த நாற்காலியில் அவள் மகள், ஒன்பது வயது ரகியா, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். அதே பஞ்சு அவள் கன்னத்துக்கும் போயிற்று.

"கேமராவுல சாம்பலாத் தெரியுது, அதான்" என்றாள் மேக்கப் பெண், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"போடும்மா போடு. வூட்டுக்குப் போனா பாதி கழுவிக்கலாம், மீதி நாங்க கொண்டுவந்தது" என்றாள் மஸ்ஊதா. கூடாரத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். மேக்கப் பெண்ணுக்கு அரைகுறை மொழிதான், கிண்டல் புரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இந்த ஊரில் சினிமாவில் ஒரு தடவையாவது சாகாத ஆள் கிடைப்பது கடினம். வெளியூர்க்காரர்கள் பாலைவனம் வேண்டும் என்றால் இங்கேதான் வருவார்கள். வந்து ஒரு ஊரைக் கட்டி, அதை எரித்துவிட்டுப் போவார்கள். டாக்சி ஓட்டுகிற இத்திருக்கு வெளுத்த தோல். அவன் ரோமானியனாக இருந்திருக்கிறான், யூதனாக, ஆப்கானியனாக, பாரசீகனாக இருந்திருக்கிறான், ஒருமுறை திபெத்துக்காரனாகக்கூடக் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கியிருக்கிறான். தெற்கே ஆற்றுப்படுகையிலிருந்து வந்த மஸ்ஊதாவின் ஆட்களுக்கு அத்தனை நாடுகள் கிடையாது. அரண்மனை வாசலில் விசிறி பிடிக்கலாம், சமையற்கட்டில் குனிந்து நிற்கலாம், சந்தை மேடையில் விலைபோகலாம். ஈராக்கைப் பற்றிய படம் ஒன்றுக்கு அவள் வரிசையில் நின்றபோது ஆள் பிடிக்கும் கரீமா வந்து தோளைத் தொட்டு ஒதுக்கினாள். "அங்கெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்க கிடையாதுக்கா." ஈராக்கிலேயே பஸ்ராவில் வேண்டிய மட்டும் உண்டு என்று வரிசையிலிருந்து இத்திர் கத்தினான். கரீமா கஸபிளாங்காக்காரி, பஸ்ராவைப் பார்த்ததில்லை. இத்திரும் பார்த்ததில்லைதான்.

இப்படிப் பிழைக்கிறவர்களுக்கென்று சில முன்ஜாக்கிரதைகள் உண்டு. பிணமாகக் கிடக்கிறவன் அங்கிக்குள் சுண்டுவிரலை ஆட்டிக்கொண்டே இருப்பான். உயிர் வாங்க வருகிறவர் ஏமாந்துவிடக் கூடாது. கல்யாணக் காட்சி என்றால் நிக்காஹ் வாசகத்தில் ஒரு சொல்லை விழுங்கிவிடுவார்கள். சில வார்த்தைகள் விளையாட்டுக்குச் சொன்னாலும் பலித்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்: கல்யாணம், தலாக், அடிமையை விடுதலை செய்வது. விற்பதும் அந்த வகையில் சேருமா என்று யாரும் இமாமிடம் கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவைத்தால் பிழைப்பில் மண் விழும். அதனால் சந்தைக் காட்சிக்கு இரண்டு காப்பு. ஏலம் கூவுகிறவன் வெங்காய விலையைக் கூவுவான். விற்கப்படுகிறவர்கள் கைக்குள் தங்களுக்குச் சொந்தமான ஏதாவது ஒன்றை மறைத்துக்கொள்வார்கள். அடிமைக்குச் சொந்தமென்று எதுவும் கிடையாதல்லவா, ஒரு பொத்தான் இருந்தாலும் நீ அடிமை இல்லை. மஸ்ஊதா எப்போதும் வீட்டுச் சாவியை வைத்துக்கொள்வாள். இந்த முறை மகளும் மேடையேறுவதால் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தான் காதிலிருந்த கம்மல் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டாள்.

வெங்காய விலை கூவினால் யாருக்குத் தெரியப்போகிறது? "உங்க மொழில எதையாவது கத்துங்க" என்பதுதான் எந்தப் படத்திலும் கட்டளை. ஊர்க்காரர்கள் கத்துவார்கள். டைரக்டரின் வழுக்கையைப் பற்றி, மதியச் சாப்பாட்டில் இறைச்சி தேடிக் கிடைக்காததைப் பற்றி, கதாநாயகியின் நடையைப் பற்றி. உலகம் முழுக்க அந்தப் படங்களைப் பார்த்து அழும்போது இந்த ஊர் மட்டும் வயிறு வலிக்கச் சிரிக்கும்.

ஆனால் இந்தப் படத்தின் டைரக்டர் நல்லவர். அதுதான் தொந்தரவு. முதல் நாளே எல்லோரையும் கூட்டிவைத்து, இதுவரை வந்த படங்கள் உங்களைக் கேவலப்படுத்தியதற்காக நான் வெட்கப்படுகிறேன் என்று கரீமாவை விட்டுச் சொல்லவைத்தார். இந்தப் படம் உண்மையாக இருக்கும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த உண்மைக்காகவே தலைநகர் ரபாத்திலிருந்து ஒரு மொழி வாத்தியாரை அழைத்து வந்து காதில் கருவியை மாட்டி உட்கார வைத்திருந்தார். முதல் டேக்கில் ஏலக்காரனாக வேஷம் கட்டிய லஹ்பிப் ஹாஜியார் மேடையில் நின்று வெங்காயமும் தக்காளியும் கூவ, கூட்டத்திலிருந்து இத்திர் டைரக்டரின் ஆட்டுத்தாடிக்கு விலை கேட்டான். வாத்தியார் கருவியைக் கழற்றிவிட்டு எழுந்து போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

டைரக்டர் கோபப்படவில்லை. முகம் வாடிப்போனார். நேராக ஹாஜியாரிடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கரீமா மொழிபெயர்த்தாள். "உங்க தாத்தா காலத்துல எப்படிக் கூவியிருப்பாங்களோ, அப்படியே கூவணுமாம் ஹாஜியாரே."

கூட்டம் சட்டென்று அடங்கியது. ஹாஜியாரின் தாத்தா எப்படிக் கூவினார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். தெற்கே அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் சந்தை நடந்தது. கழுதை விற்றது, ஆடு விற்றது, அவை மட்டும் விற்கவில்லை. மஸ்ஊதாவின் கொள்ளுப்பாட்டி அந்த முற்றத்தில் நின்றவள். ஹாஜியார் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாதுவான மனிதர், எதிரே பார்த்தால் சாலிம் எப்படி இருக்கிறான், அகாதிரில் மீன்பிடி எப்படி என்று அவள் புருஷனைப் பற்றி விசாரிப்பார், செட்டில் தன் ரொட்டியைப் பிட்டுத் தருவார். அவளும் வாங்கிச் சாப்பிடுவாள். ஒரே ஊரில் இருந்தாக வேண்டுமே.

இரண்டாவது டேக்குக்கு முன்னால் உடை பார்க்கும் பெண் மேடைக்கு வந்து எல்லோருடைய துணிமணியையும் சரிபார்த்தாள். ரகியாவின் மூடிய கையைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக, அன்பாகத்தான், பிரித்தாள். சாவி பளபளவென்று புது இரும்பு. அந்தக் காலத்தில் ஏது இப்படிச் சாவி என்று தலையை ஆட்டி, அதைத் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். மேடையின் மறுகோடியில் கயிற்றில் கட்டுண்டு நின்ற மஸ்ஊதா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதக் குடும்மா அவகிட்ட" என்று குரல் கொடுத்தாள். அதற்குள் அமைதி, அமைதி என்று ஒலிபெருக்கி அதட்டியது.

ஹாஜியார் வாயைத் திறந்தார்.

"யாகூத்" என்று கூவினார். அந்தக் குரல் அவருடையதாக இல்லை. அவருக்கு எப்போதும் சளி கட்டிய குரல். இது கணீரென்று செட்டின் மதில் வரைக்கும் போய்த் திரும்பியது. "யாகூத். தெற்கே பிறந்தது. உடம்பில் குறை இல்லை. கொஞ்சமாகத் தின்னும். கோழித்தூக்கம் தூங்கும். கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வரும். அழாது."

அதுவரை சொல்லிக்கொடுத்தபடி நன்றாக அழுதுகொண்டிருந்த ரகியாவின் அழுகை நின்றது. கதாநாயகனான வெள்ளைக்கார நடிகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கதைப்படி அவர் இரக்கமுள்ள பயணி, இந்தச் சிறுமியை விலைக்கு வாங்கிப் பிறகு விடுதலை செய்வார். மாதக்கணக்கில் வாத்தியாரிடம் படித்த அரபியில், ஒரு பிழையும் இல்லாமல், அவள் தலையில் உள்ளங்கையை வைத்து "வாங்கிக்கொண்டேன்" என்றார். "விற்றேன்" என்றார் ஹாஜியார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. இத்திர் தன் சுண்டுவிரலை ஆட்டிக்கொண்டிருந்ததை மஸ்ஊதா பார்த்தாள். அவன் அந்தக் காட்சியில் பிணம்கூட இல்லை.

அந்த அமைதிதான் தனக்கு வேண்டியிருந்தது என்று டைரக்டர் கண் கலங்கச் சொன்னார்.

சாயங்காலம் சாவியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து மையைக் கழுவினாள் மஸ்ஊதா. மகளுக்குக் கழுவியபோது தண்ணீர் கறுத்து ஓடிக்கொண்டே இருந்தது. ரொட்டியும் பருப்பும் வைத்தாள். வெயிலில் நின்று வந்தால் தட்டையே கடித்துவிடுகிற பிள்ளை, ஓரத்தில் ஒரு துண்டைப் பிட்டுத் தின்றுவிட்டு மீதியைத் துணி போட்டு மூடிவைத்தாள். பிறகு எழுந்து போய் வாசற்படிக்கு உள்ளே, செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்தாள்.

"ரகியா, அங்க ஏன் உக்காந்திருக்க? வந்து பாய்ல படு கண்ணு."

ரகியா இடத்தை விட்டு அசையவில்லை. அசதி என்று நினைத்துக்கொண்டாள் மஸ்ஊதா. வேறு எதையும் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் படப்பிடிப்பு இல்லை. மதிய வெயிலில் தெரு ஓய்ந்திருந்தது. ரகியா தூங்கிக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்து, "வந்துட்டேன்" என்று கதவை நோக்கி நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை. மஸ்ஊதா அவளைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, யார் கூப்பிட்டது என்று கேட்டாள். குழந்தை மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டது. அந்த மரியாதை மஸ்ஊதாவுக்குப் புதிது. எதிர்த்துப் பேசாமல் ஒரு நாள் கழித்த பெண்ணா இவள்? அடுப்படிக்குப் போய் நின்று, அடுப்பைப் பார்த்தபடி, தனக்கே கேட்காத குரலில், உதட்டை மட்டும் அசைத்து, "யாகூத்" என்று சொல்லிப் பார்த்தாள். திரும்பினால் ரகியா பின்னால் நின்றுகொண்டிருந்தாள், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு.

மஸ்ஊதா அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்குப் போனாள்.

அவர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். குரல் சுத்தமாகப் போயிருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தால்தான் கேட்டது.

"அந்தப் பேர யாரு உங்களுக்குச் சொன்னது ஹாஜியாரே?"

"யாரும் சொல்லல புள்ள. வெங்காயம்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். கொஞ்சம் மாத்திச் சொல்லிச் சமாளிச்சிருவோம்னு. நாக்கு அதுபாட்டுக்கு ஓடுது. நான் நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அது எங்க கொள்ளுப்பாட்டி பேரு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

ஹாஜியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "எங்க வாப்பா ஒரு கோவேறு கழுதைக்கு அந்தப் பேரு வெச்சிருந்தாரு. சின்னதுல நான் அது மேல ஏறி ஊரச் சுத்தியிருக்கேன். ஏன் அந்தப் பேருன்னு பெரியவனான பெறகுதான் சொன்னாங்க."

மஸ்ஊதாவுக்கு அவர் முகத்தில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. அவர் கிழவர், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தார். அவர்மேல் துப்புவதால் மகள் தலையை நிமிர்த்தப் போவதில்லை.

"நீங்க வித்தீங்க. நீங்களே திரும்ப எடுத்துக்கங்க. வாய்தானே, சொல்லுங்க."

"வித்தவன் எடுக்க முடியாது மஸ்ஊதா. வாங்குனவன்தான் விடணும்." ஹாஜியார் மூச்சு வாங்கிக்கொண்டு ரகியாவைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். "கதைல அந்த ஆளு விடுறான்ல. அந்தக் காட்சி வர்ற வரைக்கும் பொறுத்துக்க. அவன் அந்த வாசகத்தச் சொன்னா முடிஞ்சுது. விளையாட்டுக்குச் சொன்னாலும் முடிஞ்சுது."

அது ஒன்றுதான் பிடிமானம். அதைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்தாள். காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு செட்டுக்குப் போனால் சந்தையின் சுவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் பலகையும் சுண்ணாம்பும். கரீமா போனும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தாள். விடுதலை செய்கிற காட்சி என்றைக்கு என்று மஸ்ஊதா கேட்டாள்.

"அது இங்க இல்லக்கா. அவங்க நாட்டுல, ஸ்டுடியோவுல எடுக்கிறாங்க. இன்னைக்கு அவர் கிளம்புறார்."

"ரகியாவ எப்பக் கூட்டிட்டுப் போவாங்க?"

கரீமா போனைக் காதிலிருந்து எடுத்தாள். "ரகியா இல்லக்கா. அங்கேயே ஒரு பொண்ணப் பாத்துட்டாங்க. தேன் நிறம், சுருட்டை முடி, நல்லா இருக்கா. சந்தைல தூரத்துலேருந்துதானே எடுத்தாங்க, வித்தியாசம் தெரியாது. அந்தக் காட்சில முகம் பக்கத்துல வருமில்ல. பாக்கிறவங்களுக்கு அந்த முகத்து மேல பாசம் வரணுமாம்."

"எம் மவ மேல வராதா?"

"நான் சொல்லலக்கா, அவங்க கணக்கு அது. கஷ்டப்படுற முகம் வேற, காப்பாத்தப்படுற முகம் வேற." சொல்லிவிட்டுக் கரீமாவே கூசிப்போனாள். "ரகியா நல்லா நடிச்சா. மெய்யாலுமே."

மஸ்ஊதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். சாவியை, பெயரை, பருப்பை, கதவை. கரீமா முதலில் சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு ரகியா கைகளைக் கோத்து நிற்கிற நிலையைப் பார்த்தாள். கஸபிளாங்காவில் படித்தவள்தான், இரண்டு மொழியில் வேலை வாங்குகிறவள்தான்; ஆனால் விளையாட்டுக்குச் சொல்லக் கூடாத வார்த்தைகள் அவள் வீட்டிலும் இருந்தன. உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்தான் கிடைக்கும். நான் அவர்கிட்ட, இங்க இப்படி ஒரு ஆசீர்வாதம் பண்ற வழக்கம்னு சொல்றேன். மத்ததெல்லாம் சொன்னா வண்டில ஏறிடுவார்."

நடிகர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். வேஷம் கலைத்தபின் வெயிலில் சிவந்த, களைத்த, நல்ல மனிதராகத்தான் இருந்தார். ரகியாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. போட்டோவுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தோளோடு அணைக்கப் போனார். கரீமா பேசினாள். அவர் கவனமாகக் கேட்டார், அந்த வாசகம் தனக்கு மனப்பாடம் என்று சந்தோஷமாகச் சொன்னார், மணலில் முட்டி போட்டார். காத்திருந்த வண்டியின் ஓட்டுநர் இன்ஜினை அணைத்தான். பலகை பிரிக்கிற சத்தம்கூட ஏதோ காரணத்தால் அப்போது நின்றிருந்தது.

அவர் ரகியாவின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு தலையைத் தூக்கிக் கரீமாவிடம் ஏதோ கேட்டார்.

"பேரச் சொல்லித்தான் ஆரம்பிக்கணுமாம்" என்றாள் கரீமா. "பொண்ணு பேரு என்னன்னு கேக்குறாரு."

மஸ்ஊதா மகளைப் பார்த்தாள். ரகியா என்று சொல்லலாம். ரகியாவை யாரும் விற்கவில்லையே, விற்காதவளை எப்படி விடுவது? இன்னொரு பெயரைச் சொல்லலாம். சொன்னால், பெற்றவளே தன் வாயால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும். இவள் அந்தப் பெயருக்கு உரியவள்தான் என்று, வாங்கினவன் முன்னால், சாட்சி வைத்து. அந்த முற்றத்தில் நின்றவளை நினைத்தாள். அவளுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அந்தத் தாய் வைத்த பெயர் என்ன? வீட்டில் யாருக்கும் தெரியாது. யாகூத் என்பது ஏலக்காரன் வைத்த பெயர்தானே. நடிகர் பொறுமையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தான்.

"யாகூத்" என்றாள் மஸ்ஊதா.

"ம்" என்று உடனே நிமிர்ந்தாள் குழந்தை.

அவர் சொன்னார். இறைவனின் பொருட்டு நீ விடுதலையானவள், உன்மேல் எவருக்கும் உரிமை இல்லை என்று, ஒவ்வொரு எழுத்தும் துலங்க, நன்றாகச் சொன்னார். அவர் கண்ணில்கூட நீர் வந்தது, நல்ல நடிகர். பிறகு கைகுலுக்கிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். கரீமா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில் யாரையோ காரணமில்லாமல் திட்டிக்கொண்டே நடந்தாள். பலகை பிரிக்கிறவர்கள் மறுபடி தொடங்கினார்கள்.

மஸ்ஊதா இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. விரித்த கையில் சாவி கிடந்தது, யாருடையதையோ தாங்கிப் பிடித்திருப்பதுபோல. தானாக மூடிவிட மஸ்ஊதாவின் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். முன்னால் நடந்தாள். ஆற்றைத் தாண்டி, மிட்டாய்க் கடையைத் தாண்டி, மேட்டுத் தெருவில் ஏறும் வரைக்கும் பின்னால் சின்னச் செருப்பின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரே அளவு தூரத்தில் வந்தது. கடைமுன் நிற்கவில்லை, கல்லை உதைக்கவில்லை.

வீட்டு வாசலில் நின்றாள். வெயில் முதுகில் அடித்தது. கதவில் அவள் நிழலும் அதற்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு நிழலும் விழுந்திருந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரகியா" என்றாள். "கதவத் தெற."

குட்டை நிழல் அசையாமல் நின்றது. பிறகு அதன் கை மட்டும் மெல்ல உயர்ந்து கதவில் ஏறியது. நிழலில் விரல்கள் மூடியிருக்கின்றனவா விரிந்திருக்கின்றனவா என்று தெரியவில்லை. மஸ்ஊதா பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.